தொடர்புப் படிவத்தின் மடல்கள் குப்பைக் கோப்புறைக்குள் விழுவது ஏன்?

இணையத்தளம் அமைப்போர் அனைவரும் அதில் "எம்முடன் தொடர்புகொள்ள" என்றொரு பக்கத்தையும் சேர்த்துவிடுவது வழக்கம். பெயர், மின்னஞ்சல் முகவரி, செய்தி என மூன்று நான்கு கட்டங்கள். கீழே அனுப்புவதற்கு ஒரு பொத்தான். அதனை அழுத்தியதும் "உங்கள் செய்தி வெற்றிகரமாக அனுப்பப்பட்டது, நன்றி" என்ற வாசகம் தோன்றும். எழுதியவரும் திருப்தியுடன் எழுந்து சென்றுவிடுவார். ஆனால் அவ்வாசகத்தின் பொருள், செய்தி உரியவரின் கையைச் சென்றடைந்துவிட்டது என்பதல்ல. தளம் இயங்கும் சேவையகம் அதனை வாங்கித் தனது தபாற்பையில் போட்டுக்கொண்டது என்பது மாத்திரமே. அதற்குப் பின்னர் அது எங்கே போனது என்பதைப் படிவமும் அறியாது, எழுதியவரும் அறியார், பதில் கூற வேண்டியவரும் அறியார்.

சில வருடங்களுக்கு முன்னர், வசதி குறைந்த மாணவர்களுக்கு உதவு தொகை வழங்கும் நலன்புரிச் சங்கமொன்றின் இணையத்தளத்தைப் பார்த்துத் தருமாறு இக்கட்டுரையாளரிடம் கேட்கப்பட்டது. "இம்முறை விண்ணப்பங்களே வரவில்லை, பிள்ளைகளுக்கு அக்கறை குறைந்துவிட்டது" என்பது செயலாளரது மனக்குறையாக இருந்தது. சங்கத்தின் ஜிமெயில் கணக்கில் ஸ்பாம் எனப்படும் குப்பைக் கோப்புறையைத் திறந்து பார்த்தபோது பதினொரு விண்ணப்பங்கள் அங்கே கிடந்தன. அவற்றுள் மூன்று ஒரே மாணவியுடையவை. மூன்றாவது மடலில் தனது முன்னைய மடல்கள் கிடைத்தனவா என்று மாத்திரமே அவர் கேட்டிருந்தார். கடைசித் திகதி அப்போது கடந்து இரு வாரங்களாகியிருந்தது. ஜிமெயில் தனது குப்பைக் கோப்புறையில் உள்ளவற்றை 30 நாட்களின் பின்னர் தானாகவே அழித்துவிடும் என்பதனால், அதற்கு முன்னர் எத்தனை பேர் எழுதியிருந்தனர் என்பதை அறிய வழியிருக்கவில்லை.

பள்ளிவாசல் நிருவாக சபை, ஆலய பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், சிறு வர்த்தக நிலையம், சுற்றுலா விடுதி என எத்தகைய அமைப்பின் தளமாயினும் இந்நிலை ஏற்படக்கூடும். எழுதியவர் தாம் அலட்சியப்படுத்தப்பட்டதாக எண்ணுகின்றார். அமைப்போ தன்னை எவரும் நாடவில்லை என எண்ணுகின்றது. இருவருமே தவறாக எண்ணுகின்றனர்.

இதன் காரணத்தை அறிய மின்னஞ்சலின் பிறப்பைச் சற்று நோக்க வேண்டும். இன்றும் மின்னஞ்சல் பயணஞ்செய்யும் எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறை 1982 ஆம் ஆண்டு ஜொன் போஸ்டல் என்பவரால் வரையப்பட்டதாகும். அக்காலத்தில் வலையமைப்பில் இணைந்திருந்தோர் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிலையங்களையும் சார்ந்த, ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆதலால் அனுப்புநர் தன்னை இன்னார் எனக் கூறினால் அதனை நம்பிவிடுவதே விதியாயிற்று. கடித உறையின் பின்புறத்தில் எவரும் எந்த முகவரியையும் எழுதித் தபாற்பெட்டியில் போடலாம் என்பதற்கு இது ஒப்பானது. இத்தனைக்கும் வேண்டாத விளம்பர மடல் என்ற தொல்லை அதற்கு முன்னரே தலைகாட்டியிருந்தது. 1978 ஆம் ஆண்டு மே மாதத்தில் கரி துவர்க் என்ற கணினி விற்பனை அதிகாரி ஆர்ப்பாநெட் வலையமைப்பிலிருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிக் கண்டனத்துக்குள்ளானார். ஆயினும் விதியை வகுத்தோர் அதனை ஒரு விதிவிலக்காகவே கருதினர் போலும்.

நம்பிக்கையின் மீது எழுப்பப்பட்ட இவ்வமைப்பின் மேல் பின்னாளில் பூட்டுக்கள் ஒவ்வொன்றாகப் போடப்பட்டன. அப்பூட்டுக்களைத் திறக்கும் சாவி இல்லாதவற்றுள் முதன்மையானது சாதாரண இணையத்தளப் படிவமே ஆகும். படிவம் தீய நோக்கத்துடன் எதையும் செய்வதில்லை. எனினும் மோசடிக்காரர் செய்யும் அதே காரியங்களையே அதுவும் செய்கின்றது என்பதுதான் சிக்கல்.

வெகுகாலமாகப் படிவங்களை எழுதியோர், வருகையாளர் தந்த முகவரியையே மடலின் அனுப்புநர் முகவரியாக இட்டு வந்தனர். பதில் எழுதும் பொத்தானை அழுத்தினால் மடல் நேராக அவருக்கே செல்லும் என்பது இதிலிருந்த வசதி. ஆனால் உண்மையில் நடப்பது என்ன? யாகூ முகவரி வைத்திருக்கும் ஒருவரின் பெயரில், யாகூவுடன் எவ்வித தொடர்பும் அற்ற எங்கோ உள்ள ஒரு சேவையகம் மடல் அனுப்புகின்றது. பெறுபவரின் பக்கத்தில் நிற்கும் காவலாளிக்கு அது ஆள்மாறாட்டமாகவே தென்படும். 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யாகூ நிறுவனம், தனது பெயரில் வரும் மடல் தனது சேவையகங்களிலிருந்து வந்ததாக நிரூபிக்கப்படாவிடின் அதனை நிராகரித்துவிடுமாறு உலகுக்கு அறிவித்தது. அதே மாதத்தில் ஏ.ஓ.எல். நிறுவனமும் அவ்வாறே செய்தது. தமது பாவனையாளரின் முகவரிகளைப் பயன்படுத்தி நடந்துவந்த மோசடியைத் தடுப்பதே அவற்றின் நோக்கம். எனினும் அதன் விளைவாக, வருகையாளரின் முகவரியை அனுப்புநராக இட்டு இயங்கிவந்த எண்ணற்ற படிவங்கள் யாகூ பாவனையாளர்களைப் பொறுத்தவரையில் திடீரென ஊமையாயின. தளத்தில் எவரும் கைவைக்கவில்லை, எதுவும் பழுதடையவில்லை. ஆனால் மடல் வரவில்லை. இன்றும் அப்பழைய முறையிலேயே இயங்கும் படிவங்களைக் காணலாம். 2024 ஆம் ஆண்டு முதல் கூகுள் நிறுவனமும் தனது ஜிமெயில் முகவரிகளை அனுப்புநராக இட்டுப் பிறர் மடல் அனுப்பக்கூடாது என வெளிப்படையாகவே கூறிவருகின்றது.

எனவே திருத்தங்களுள் முதலாவது இதுவே. அனுப்புநர் இடத்தில் எப்போதும் தளத்தின் சொந்த ஆள்களப் பெயரில் அமைந்த முகவரியே இருக்க வேண்டும். வருகையாளரின் முகவரியை "ரிப்ளை டு" எனப்படும், பதில் செல்லவேண்டிய முகவரிக்கான தனி வரியில் இட வேண்டும். பதில் எழுதும் வசதி இதனால் சிறிதும் குறைவதில்லை. வேர்ட்பிரஸ் தளங்களில் பயன்படும் படிவ மென்பொருட்கள் பலவற்றில் இவ்விரு வரிகளும் தனித்தனியாகவே உள்ளன. நிரப்புவோர்தான் மாற்றி நிரப்பிவிடுகின்றனர்.

சொந்த முகவரியை இட்டுவிட்டால் மாத்திரம் போதுமா எனில், போதாது. அந்த ஆள்களப் பெயரில் மடல் அனுப்பும் உரிமை அச்சேவையகத்துக்கு உண்டு என்பதற்கான சான்று வேண்டும். சிறு அமைப்புகளில் பெரும்பாலும் காணப்படும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். இணையத்தளம் மலிவான ஹோஸ்டிங் நிறுவனமொன்றில் இருக்கும். அலுவலக மின்னஞ்சலோ கூகுள் அல்லது மைக்ரோசொஃப்ட் நிறுவனத்திடம் இருக்கும். படிவம் நிரப்பப்பட்டதும் ஹோஸ்டிங் சேவையகம், அலுவலகத்தின் பெயரிலேயே அலுவலகத்துக்கு ஒரு மடல் அனுப்புகின்றது. தனது வாடிக்கையாளரின் பெயரைச் சூடிக்கொண்டு வெளியிலிருந்து எவரோ வருவதைக் காணும் கூகுள் ஐயுறுவது இயல்பே. உள்ளேயிருந்து வரவேண்டிய கடிதம் மதிலுக்கு வெளியேயிருந்து எறியப்பட்டால் நாமும் ஐயுறவே செய்வோம்.

இச்சான்றுகள் மூன்று வகையாக அமைந்துள்ளன. மூன்றும் ஆள்களப் பெயருக்குரிய டி.என்.எஸ். பதிவேட்டில் சிறு வரிகளாக எழுதப்படுபவை. எஸ்.பி.எஃப். என்பது, எமது பெயரில் மடல் அனுப்ப அனுமதிக்கப்பட்ட சேவையகங்கள் இவை என்ற பட்டியலாகும். இப்போது நடைமுறையிலுள்ள அதன் விதி 2014 ஆம் ஆண்டுக்குரியது. இதில் இரு தவறுகள் மீண்டும் மீண்டும் இழைக்கப்படுகின்றன. ஒரு பெயருக்கு ஒரேயொரு பட்டியலே இருக்கலாம். மின்னஞ்சல் நிறுவனம் தந்த வரியையும் ஹோஸ்டிங் நிறுவனம் தந்த வரியையும் இரு தனிப் பட்டியல்களாக எழுதிவிட்டால் இரண்டும் செல்லுபடியற்றதாகிவிடும். இரண்டையும் ஒரே வரியில் இணைத்தே எழுத வேண்டும். மற்றையது, அவ்வொரு பட்டியல் வேறு பட்டியல்களைச் சுட்டிக்காட்டும்போது அவற்றைத் தேடுவதற்கான எண்ணிக்கை 10 ஐத் தாண்டக்கூடாது. சேவைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவோர் இவ்வெல்லையை அறியாமலே கடந்துவிடுகின்றனர்.

எஸ்.பி.எஃப். ஏற்பாட்டில் மற்றொரு நுட்பமும் உண்டு. இது அறியப்படாமையால், "பட்டியல் சரியாகத்தானே இருக்கின்றது" எனப் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வதுண்டு. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அனுப்புநர் முகவரி இரண்டிடத்தில் உள்ளது. ஒன்று நம் கண்ணுக்குத் தெரிவது. கடிதத்தாளின் தலைப்பு போன்றது. மற்றையது சேவையகங்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் உறையின் மீது இருப்பது. மடல் சேராவிடின் திருப்பியனுப்ப வேண்டிய முகவரி அதுவே. எஸ்.பி.எஃப். பரிசோதிப்பது உறையின் முகவரியை மாத்திரமே. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஹோஸ்டிங் சேவையகத்திலிருந்து பி.எச்.பி. மொழியின் சாதாரண மடல் கட்டளை மூலம் அனுப்பும்போது, உறையின் மீது பெரும்பாலும் அச்சேவையகத்தின் பெயரே பதியப்படுகின்றது. பரிசோதனையில் அது தேறியும்விடலாம். ஆனால் தேறியது ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர், எமது பெயரல்ல.

டி.கே.ஐ.எம். என்பது இரண்டாவது சான்று. யாகூ, சிஸ்கோ ஆகிய நிறுவனங்கள் தனித்தனியே வகுத்திருந்த முறைகளை இணைத்து 2007 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட இம்முறையில், அனுப்பும் சேவையகம் தன்னிடமுள்ள இரகசியச் சாவியினால் ஒவ்வொரு மடலிலும் கணித முத்திரை ஒன்றினைப் பதிக்கின்றது. அதற்கிணையான பகிரங்கச் சாவி பதிவேட்டில் இருக்கும். பெறுபவர் அதனைக் கொண்டு முத்திரை உண்மையானதா, வழியில் எவரேனும் எழுத்தை மாற்றினரா என்பதைச் சரிபார்க்கின்றார். மூன்றாவதான டிமார்க் 2012 இல் அறிவிக்கப்பட்டு 2015 இல் ஆவணமாக வெளியானது. முன்னைய இரண்டுள் ஏதேனும் ஒன்றாவது, நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயருடன் பொருந்தி நிற்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. பொருந்தாவிடின் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பெயரின் உரிமையாளரே அதில் அறிவிக்கலாம்: பார்த்துக்கொண்டிருப்பதா, குப்பையில் சேர்ப்பதா, நிராகரிப்பதா. புதிதாகத் தொடங்குவோர் முதலாவதைத் தெரிவுசெய்து, வரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் அவதானித்த பின்னரே இறுக்குவது நல்லது. அவசரப்பட்டு நிராகரிக்கச் சொன்னவர்கள் தமது சொந்தப் படிவத்தையே வாசலில் தடுத்து நிறுத்திய கதைகளும் உள்ளன.

2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதல் கூகுளும் யாகூவும் இவ்விடயத்தில் கண்டிப்பைக் கடைப்பிடித்து வருகின்றன. நாளொன்றுக்கு 5000 இற்கு மேற்பட்ட மடல்களை ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புவோர் மூன்று சான்றுகளையும் வைத்திருத்தல் வேண்டும். மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவுட்லுக் பாவனையாளர்களுக்காக இதையொத்த விதியைக் கொண்டுவந்தது. ஐயாயிரம் மடல் நாம் எங்கே அனுப்பப்போகின்றோம் என்று சிறு தளங்கள் ஆறுதலடைவதற்கில்லை. முதலிரு சான்றுகளுள் ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற கூகுளின் விதி, ஒரேயொரு மடல் அனுப்புபவருக்கும் உரியதாகும்.

இவை அனைத்தையும் எளிதாக்கும் வழியொன்றுண்டு. படிவத்தைச் சேவையகத்தின் சாதாரண மடல் கட்டளையிடம் ஒப்படையாது, உண்மையான மின்னஞ்சல் கணக்கொன்றினுள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்து அனுப்பச் செய்வதே அது. வேர்ட்பிரஸ் மென்பொருள் எவ்வித மாற்றமும் செய்யப்படாவிடின், "வேர்ட்பிரஸ்" என்ற பெயரிலேயே, பெரும்பாலும் இல்லாத ஒரு முகவரியிலிருந்து மடல் அனுப்பும். இதற்கான எஸ்.எம்.டி.பி. துணை மென்பொருள் ஒன்றினை நிறுவி, 587 அல்லது 465 ஆம் இலக்க வாயில் வழியாக மின்னஞ்சல் நிறுவனத்தின் சேவையகத்துடன் இணைத்துவிட்டால், படிவத்தின் மடலும் நாம் கையால் எழுதும் மடலும் ஒரே கதவாலேயே வெளியேறும். அங்கே சான்றுகள் முறையாக அமைக்கப்பட்டிருப்பின் படிவத்துக்கும் அவை கிடைக்கும். மேகக் கணிமைச் சேவைகளில் தளத்தை வைத்திருப்போருக்கு இது வசதி மாத்திரமன்றிக் கட்டாயமும் ஆகும். கூகுளின் மேகச் சேவை உட்படப் பல, 25 ஆம் இலக்க வாயிலை வெளிச்செல்லும் மடல்களுக்கு மூடியே வைத்துள்ளன. ஜிமெயில் கணக்கினை இதற்குப் பயன்படுத்துவோர் வழமையான கடவுச்சொல்லை இடுவதில் பயனில்லை. 2022 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு அவ்வழியை மூடிவிட்டது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென வழங்கப்படும் தனிக் கடவுச்சொல்லைப் பெற வேண்டும்.

பகிர்ந்த சேவையகத்தை விட்டு விலகுவதில் இன்னுமொரு நன்மையும் இருக்கின்றது. நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே இலக்க முகவரியைப் பயன்படுத்துமிடத்து, அவற்றுள் ஒன்று குப்பை மடல் அனுப்பிப் பிடிபட்டாலும் அவ்விலக்கம் ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகளின் கரும்பட்டியலில் சேர்ந்துவிடலாம். பக்கத்து வீட்டான் செய்த களவுக்கு ஒழுங்கை முழுவதும் சந்தேகிக்கப்படுவது போன்ற நிலைமை அது.

இதுவரை கூறியவை அனுப்பும் வழி பற்றியவை. படிவமே குப்பை மடலின் வாயிலாக மாறுவதும் உண்டு. இணையத்தில் இரவு பகலாக அலையும் தானியங்கி நிரல்கள் காணும் படிவங்களையெல்லாம் நிரப்பி, சூதாட்டம், போலி மருந்து முதலியவற்றுக்கான இணைப்புகளைத் திணிக்கின்றன. எரிச்சலுற்ற அலுவலர் அவற்றை "ஸ்பாம்" எனக் குறித்துத் தள்ளுகின்றார். அவர் குறிப்பது எவருடைய மடலை? தமது சொந்தத் தளத்தின் முகவரியிலிருந்து வந்த மடலை அல்லவா! வடிகட்டியோ, இம்முகவரியிலிருந்து வருவது குப்பை என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கின்றது. அடுத்த நாள் உண்மையான வாடிக்கையாளர் எழுதியதும் அதே இடத்துக்குப் போய்ச் சேருகின்றது. நிரல்களைப் படிவத்தின் வாசலிலேயே நிறுத்துவதுதான் இதற்கு வழி. மனிதர் கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் கட்டமொன்றைப் படிவத்தில் மறைத்துவைத்து, அதனை நிரப்பி அனுப்புபவற்றையெல்லாம் ஒதுக்கிவிடும் தேன்பொறி முறை மிக இலகுவானது, வருகையாளருக்கும் தொந்தரவில்லை. அதுவும் போதாவிடின் கெப்சா சோதனையைச் சேர்க்கலாம். எனினும் போக்குவரத்து விளக்குகளை எண்ணச் சொல்லி முதியவர்களைச் சோதிப்பதில் இக்கட்டுரையாளருக்கு அவ்வளவு உடன்பாடில்லை.

"உங்கள் செய்தியின் பிரதி உங்களுக்கும் அனுப்பப்படும்" என்ற வசதி மரியாதையானதாகத் தோன்றினும் ஆபத்தானது. நிரல் ஒன்று பிறருடைய முகவரிகளை வரிசையாக இட்டுப் படிவத்தை நிரப்பினால், அம்முன்பின் அறியாதோர் அனைவருக்கும் குப்பைச் செய்தியை எமது தளமே எமது பெயரில் விநியோகித்துவிடும். கவனமின்றி எழுதப்பட்ட பழைய படிவங்களில் இதைவிட மோசமான ஓட்டையும் உண்டு. முகவரிக் கட்டத்தில் வரிமுறிப்பைப் புகுத்தி, அதன் கீழே மேலதிக பெறுநர்களின் பட்டியலையே சேர்த்துவிடும் தந்திரம் அது. பத்து வருடங்களுக்கு முன்னர் எவரோ எழுதிக்கொடுத்த படிவத்தை இன்றும் வைத்திருப்போர் அதனை அகற்றிவிடுவதே உத்தமம்.

தமிழில் வரும் செய்திகள் குறித்தும் இங்கு கூற வேண்டியுள்ளது. மின்னஞ்சலின் தலைப்புவரி ஆதியில் ஆங்கில எழுத்துகளுக்காகவே வகுக்கப்பட்டது. தமிழ்த் தலைப்பினை முறைப்படி குறியேற்றி அனுப்பாது அப்படியே இடும் படிவங்கள் உள்ளன. பெறுபவரிடம் அது சிதைந்த எழுத்தாகத் தோன்றுவதுடன், ஒழுங்கற்ற மடல் என்ற வகையில் வடிகட்டியின் ஐயத்துக்கும் ஆளாகின்றது. படிவம் யுனிகோட் முறையில், யு.டி.எஃப்-8 குறியேற்றத்தில் அனுப்புகின்றதா என்பதைத் தலைப்பிலும் உடலிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டு ஒட்டப்படும் செய்தி, அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகவே தெரியும். அதனை வாசிப்பது மனிதனாயினும் இயந்திரமாயினும் குப்பை என்று எண்ணுவதில் வியப்பில்லை. படிவத்தின் தலைப்பிலேயே "யுனிகோட் தமிழில் எழுதவும்" என ஒரு வரியைச் சேர்ப்பது பயனளிக்கும்.

பெறும் பக்கத்திலும் செய்யக்கூடியவை சில உண்டு. அலுவலக முகவரிக்கு வருவதைத் தனிப்பட்ட ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இங்கு பெருவழக்காக உள்ளது. அவ்வாறு திருப்பப்படும்போது மடல் புதியதொரு சேவையகத்திலிருந்து வருவதனால் எஸ்.பி.எஃப். சான்று முறிந்துவிடும், மடலின் எழுத்து மாறாதவரை டி.கே.ஐ.எம். முத்திரை முறியாது. ஆகவே திருப்பிவிடுவோருக்கு அம்முத்திரை இன்றியமையாதது. ஜிமெயிலில் படிவத்தின் முகவரிக்கென வடிகட்டி ஒன்றினை அமைத்து, "ஒருபோதும் ஸ்பாமுக்கு அனுப்பாதே" என்ற தெரிவை இடலாம். இது வலியைத் தணிக்கும் மாத்திரையே. நோய்க்கான மருந்து பதிவேட்டில்தான் உள்ளது. தவறி விழுந்த மடல்களை "ஸ்பாம் அல்ல" எனக் குறித்து மீட்பதும் வடிகட்டிக்குச் சரியான பாடத்தைப் புகட்டும்.

எவ்வளவு செய்தாலும் ஏதோவொரு நாள் ஒரு மடல் தவறவே செய்யும். ஆதலால் படிவத்தில் வரும் ஒவ்வொரு செய்தியின் பிரதியும் தளத்தின் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுதல் வேண்டும். படிவ மென்பொருட்கள் பலவற்றில் இவ்வசதி ஏற்கனவே உள்ளது அல்லது இலகுவாகச் சேர்த்துக்கொள்ளலாம். வருகையாளரின் பெயரும் முகவரியும் அங்கே தேங்குவதனால், தேவை முடிந்தவற்றைக் குறித்த காலத்தில் அழித்துவிடுவதும் அவசியம். மேலே கூறிய சங்கத்தின் தளத்தில் இவ்வேற்பாடு இருந்திருக்குமாயின், அழிந்துபோன விண்ணப்பங்களைத் தேடி எடுத்திருக்கலாம்.

அமைப்பு சரியாகியுள்ளதா என்பதைப் பரிசோதிப்பதற்குத் தொழில்நுட்பவியலாளர் எவரும் வேண்டியதில்லை. வேறொரு முகவரியை இட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பி, வந்த மடலை ஜிமெயிலில் கணினித் திரையில் திறக்க வேண்டும். வலது மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி மூல வடிவத்தைக் காட்டுமாறு கேட்டால், தனிப் பக்கமொன்றில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்றின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே தேறியதா தவறியதா என்ற முடிவும் காணப்படும். டிமார்க் வரியில் தேறியதாக இருப்பின் பெரும்பகுதி வேலை முடிந்தது. யாகூ, அவுட்லுக் கணக்குகளிலும் ஒவ்வொரு முறை இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். ஹோஸ்டிங் நிறுவனம் மாறும்போதும், மின்னஞ்சல் சேவை மாறும்போதும், கடவுச்சொல் மாற்றப்படும்போதும் மீண்டும் செய்ய வேண்டும். நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி தமது கைத்தொலைபேசியிலிருந்து தாமே ஒரு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிப் பார்க்கின்றார்.